பாதைகளை முதலில் வரையுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கால்வாயை ஒட்டி வரவிருக்கும் தொடர்மாடிக் குடியிருப்புத் திட்டம் பற்றிய சனிக்கிழமைக் கூட்டத்தைக் குறித்து உங்களில் பலர் ஏற்கெனவே எழுதிவிட்டதால், நடந்தது முழுவதையும் நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. நடைபாதையும் சைக்கிள் பாதையும் வரைபடத்தில் எங்கே என்று நான் கேட்டபோது, "இங்கே வீடு வாங்குகிறவர்கள் சைக்கிளில் வரமாட்டார்கள், மிஸ்" என்று திட்டத்தை விளக்க வந்தவர் சொன்னார். மண்டபத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். அவருடைய பதிலை மறந்துவிடலாம். நான் நாளாந்தம் ஒழுங்கையில் காணும் முகங்கள் சிரித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

நான் அன்று கேட்டதும் இன்று கேட்பதும் ஒன்றுதான். பாதைகளை முதலில் வரையுங்கள். கட்டடம் எங்கே நிற்கும், கார்கள் எந்த வாசலால் நுழையும், நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கான சரிவு எங்கே தொடங்கும் என்பனவெல்லாம் முடிவான பிறகு மிஞ்சுகிற கீற்றுக்கு நடைபாதை என்று பெயர் வைத்தால், அதில் மனிதர் நடக்க முடியாது. அத்திவாரம் இறங்கிய பிறகு ஒரு அடியைக்கூட எவராலும் திரும்பப் பெறவும் முடியாது. இதைச் சொல்லப் பொறியியலாளராக இருக்கவேண்டியதில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கைகளில் ஒன்றில் ஒருமுறை நடந்தால் போதும்.

எங்கள் ஒழுங்கையில் நடைபாதை என்பது கானின் மேல் போட்ட கொங்கிறீட் மூடிகள்தான். அவற்றில் ஒன்று கால் வைத்ததும் ஆடும். மழை நாளில் அதன் இடுக்கால் சேற்றுத் தண்ணீர் சேலைக் கரையில் பீச்சியடிக்கும். அதைத் தாண்டினால் மின்கம்பம். அதையும் தாண்டினால் சில வருடங்களுக்கு முன் எழுந்த தொடர்மாடியின் வாகன வாசல். கார் இலகுவாக ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக அந்த வாசலின் சரிவை நடைபாதையின் முழு அகலத்துக்கும் இழுத்து, வழுவழுப்பான கல் பதித்திருக்கிறார்கள். சென்ற மார்கழி மழையில் கோவிலுக்குப் போன அம்மா அந்தச் சரிவில்தான் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், பார்த்து நடந்திருக்கலாமே என்றார்கள். அவர் பார்த்துத்தான் நடந்தார். 74 வயதில் எவரும் பார்க்காமல் நடப்பதில்லை.

இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து செல்ல ஏறத்தாழ 1.8 மீற்றர் அகலம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் இந்த நாட்டில் 2006 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. வாகன வாசலில் நடைபாதை தன் மட்டத்திலேயே தொடரவேண்டும், கார்தான் ஏறி இறங்கவேண்டும். கால்வாய்க் கரையை மதிலுக்குள் அடைக்காமல் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் விடவேண்டும் என்கிறேன். நாவலைப் பக்கம் கால்வாய்க் கரைகளில் மக்கள் காலையும் மாலையும் நடக்கிறார்கள். எங்கள் கரையில் மட்டும் ஏன் முடியாது?

கொழும்பு வெயிலில் யார் சைக்கிள் ஓடுவார்கள் என்று கேட்கிறீர்கள். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவுதான். பாதையோடு மரமும் நட்டால் வெயில் ஒரு காரணமே அல்ல. பாதை அமைத்தால் மோட்டார் சைக்கிள்கள் அதில் ஏறிவிடும் என்பது உண்மையான கவலை, அதை ஒத்துக்கொள்கிறேன். நுழைவில் தூண்கள் நட வேண்டும், அதன் பிறகும் சிலர் ஏறத்தான் செய்வார்கள். இடமில்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். அந்த வரைபடத்தில் கார்களுக்கு இடமில்லை என்று எவரும் சொல்லவில்லையே.

நான் அபிவிருத்திக்கு எதிரானவள் என்று ஒருவர் பின்னூட்டம் இட்டிருக்கிறார். தொடர்மாடி வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நானும் தொடர்மாடியில்தான் வசிக்கிறேன்.

சைக்கிள் என்றால் சிரிக்கத் தோன்றுகிறவர்களுக்கு இரண்டு விடயங்களை நினைவூட்டுகிறேன். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தபோது, இதே காலி வீதியில் எத்தனை பேர் சைக்கிள் ஓடினீர்கள்? ஓர் ஆண்டு கடந்ததும் அதை மறந்துவிட்டோம். மற்றது, எங்களில் பலர் எங்கிருந்து வந்தோம் என்பது. போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காதபோது, யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. போருக்கு அஞ்சி ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு, அப்பாச்சியைக் கரியரில் இருத்தி, அரிசிப் பையைப் பாரில் கட்டி, நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் என் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். கொழும்புக்கு வந்த பிறகும் அவர் சைக்கிளில்தான் சந்தைக்குப் போனார், காலி வீதியில் ஒரு பஸ் அவருடைய கைபிடியைத் தட்டிவிட்டுப் போன நாள் வரை. உடம்பில் பெரிய காயம் இல்லை. ஆனால் அடுத்த கிழமையே சைக்கிளை விற்றுவிட்டார். அதன் பிறகு எங்கே போவதென்றாலும் பிள்ளைகள் ஓட்டோ பிடித்துத் தரும்வரை காத்திருந்தார். தனியாக எங்கும் போகாத மனிதராகவே இறந்தார். மண்டபத்தில் சிரித்தவர்களில் அவரை அறிந்தவர்களும் இருந்தார்கள்.

வரைபடம் இன்னும் இறுதியாகவில்லை என்று கூட்டத்தில் சொன்னார்கள். அதனால் எழுத்து மூலமாக ஒரு விண்ணப்பம் தயாரித்திருக்கிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாநகர சபைக்கும் பிரதி அனுப்புவேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் வரை எங்கள் ஒழுங்கையின் நடைபாதையை அடி அடியாக அளந்து விண்ணப்பத்தோடு இணைக்கப் போகிறேன். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். உங்கள் ஒழுங்கையையும் நீங்களே அளந்து இங்கே எழுதினால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.