மோப்ப நாய்க்குக் கஞ்சா கொடுத்துப் பழக்குகிறார்களா?

இலங்கையில் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கினால், மலைக்குப் போகும் வழியில் ஹட்டன் பக்கம் பஸ், வேன்களை மறித்து மோப்ப நாயோடு சோதிப்பார்கள். கூடவே வட்ஸ்அப்பில் ஒரு கதையும் கிளம்பிவிடும்: நாய்களுக்குப் போதைப்பொருளைத் தின்னக் கொடுத்து அடிமையாக்கியிருக்கிறார்களாம், அந்த வெறியில்தான் தேடுகின்றனவாம்.

பொய். போதை ஏறிய நாயால் நேராக நடக்கவே முடியாது, பிறகு எங்கே தேடுவது? ஹெரோயினோ 'ஐஸ்' என்ற போதைப்பொருளோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நாய்க்கு வேண்டியது பந்துதான். முதலில் பந்தையோ சுருட்டிய துவாயையோ வைத்து விளையாட்டு வெறியை ஏற்றுவார்கள். அப்புறம் துளையிட்ட டப்பாவில் கஞ்சாவை மூடி ஒளித்து வைப்பார்கள். வாசம் மட்டும் வெளியே வரும், நாயின் வாய் அதில் படாது. சரியான டப்பாவின் முன் உட்கார்ந்த கணமே பந்து பறந்து வரும். திரும்பத் திரும்ப இதைச் செய்ய, 'இந்த வாசம் வந்தால் பந்து வரும்' என்று மனதில் பதிந்துவிடுகிறது. வேலை முடிந்த நாய் பந்தைக் கவ்விக்கொண்டு துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கோப்பித்தூளுக்குள் புதைத்தால் தப்பலாம் என்பதையும் நம்ப வேண்டாம். கலந்த வாசனைகளை நாய் பிரித்தறியும். ஆனால் முன்பு கஞ்சா இருந்த வெறும் பைக்கும் அது உட்காரலாம். அதனால்தான் நாய் காட்டியதும் பொலிஸார் பையைத் திறந்து கையால் தேடுகிறார்கள்.