கிரியேட்டட் என்றாயே, எங்கேடா?

வெப் ஆப் குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்குள்ளே (பல சர்வர்களைச் சேர்த்து ஆப்களை ஓட்டும் ஏற்பாடு) ஜம்மென்று ஓடுகிறது. ஆப்பைச் சுமக்கும் பாட் எல்லாம் ரன்னிங். அதை வெளியே இருக்கிறவர்கள் பிரவுசரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே கேட்டேன்?

சர்வரிலேயே ஒரு போர்ட்டைத் திறக்கும் நோட்போர்ட் போட்டால் 30000-க்கும் 32767-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைத் தூக்கிக் கொடுக்கும் குபர்னெட்டிஸ். கஸ்டமரிடம் போய் "சார், கடைசியில் 31847 சேர்த்துக்கோங்க" என்றா சொல்வது? வெளி முகவரி வாங்கித் தரும் லோட்பேலன்சர் போட்டால், சொந்த சர்வர் வைத்திருக்கும் பாவிகளுக்கு எக்ஸ்டர்னல் ஐபி "பெண்டிங்". மெட்டல்எல்பி மாதிரி எதையாவது தனியாக நிறுவாதவரை ஆயுசுக்கும் பெண்டிங்.

சரி, இன்கிரஸ். எந்தப் பெயரைத் தேடி வருகிறவரை எந்த ஆப்புக்கு அனுப்புவது என்கிற விதி. அதை யாமல் கோப்பாக எழுதி அப்ளை கொடுத்தேன். "கிரியேட்டட்" என்றது. ஆஹா! பிரவுசரில் ஒன்றுமில்லை. கெட் இன்கிரஸ் அடித்தால் அட்ரஸ் காலி. டிஸ்கிரைப் அடித்தால் ஈவன்ட்ஸ் "நன்". அழித்துவிட்டு மறுபடி அப்ளை. கிரியேட்டட்! ஹோஸ்ட் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன், ஸ்பேஸ்களைத் திரையில் விரல்வைத்து எண்ணினேன், டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்பட்டேன், தூங்கிக்கொண்டிருந்த நெட்வொர்க் டீம் அண்ணனை எழுப்பி ஃபயர்வாலையும் சந்தேகப்பட வைத்தேன். மறுபடி அப்ளை. இந்த முறை "அன்சேஞ்ச்டு". திமிரைப் பாருங்கள்.

விஷயம் என்னவென்றால், "புது கிளஸ்டர் ரெடி" என்று மெயில் தட்டிய மகானுபாவர்கள் அந்த விதியைப் படித்து வேலை செய்யும் இன்கிரஸ் கன்ட்ரோலரையே போடவில்லை. அது பெரும்பாலும் கிளஸ்டரோடு தானாக வராது, தனியாகத்தான் நிறுவ வேண்டும். தாலுகா ஆபீஸில் மனுவை வாங்கி சீல் குத்தியாயிற்று, பார்க்க வேண்டிய நாற்காலியில் ஆளே இல்லை. "தம்பி, இங்கே கன்ட்ரோலர் கிடையாது" என்று ஒரே ஒரு வரி சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமா?

நிறுவலாம் என்று போனால் இன்கிரஸ் எஞ்சின்எக்ஸ் ஒன்று, எஞ்சின்எக்ஸ் இன்கிரஸ் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு ஆட்கள் செய்தது. ஒன்றுக்கான அனோட்டேஷனை (கூடுதல் செட்டிங்கை) மற்றதில் எழுதினால் திட்டக்கூட மாட்டான், கண்டுகொள்ளாமல் போவான். பெயர் வைத்தவர்கள் வாழ்க! கூகுளில் தேடினால் இன்கிரஸின் பழைய ஏபிஐ பதிப்பான வி1பீட்டா1 உதாரணங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கின்றன. அதை குபர்னெட்டிஸ் 1.22-லேயே, 2021-லேயே தூக்கியாயிற்று. பழகிய இன்கிரஸ் எஞ்சின்எக்ஸுக்கும் 2026 மார்ச்சோடு பராமரிப்பு முடியும் என்று 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். இனி கேட்வே ஏபிஐயாம். ஒரு இன்கிரஸ் இருந்த இடத்தில் கேட்வே கிளாஸ், கேட்வே, ஹெச்டிடிபி ரூட். ஒன்றே பேசாது, இனி மூன்றும் சேர்ந்து மௌன விரதம் இருக்கும்.

இப்போதைக்கு ஓடட்டும் என்று பழையதையே போட்டேன். பக்கம் வந்தது. கூடவே சிவப்பு எச்சரிக்கை. சர்டிபிகேட்டைத் திறந்து பார்த்தால் அதன் பெயரே "குபர்னெட்டிஸ் இன்கிரஸ் கன்ட்ரோலர் ஃபேக் சர்டிபிகேட்". ராத்திரி முழுக்க இந்தக் கிளஸ்டர் ஒளிக்காமல் சொன்ன ஒரே விஷயம் அதுதான். தனியாக உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தேன்.

அப்புறம், ஏசியை 18-ல் வைத்துவிட்டு ரிமோட்டை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற புண்ணியவான் யார்? பல் கிட்டுதய்யா!