மூக்கை மூடச் சொன்னால் அமைச்சரைக் காட்டுகிறார்கள்

2021 ஜூலை. மலேசியாவில் கொரோனாவுக்காக முழு ஊரடங்கு போட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது. இன்று காலை எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மளிகை சாமான் வாங்க வரிசையில் நின்றேன். தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். என் கட்டத்துக்குள்ளேயே வந்து நின்றார் ஒரு பெரியவர். முகக்கவசம் தாடையில் தொங்குகிறது. கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்க்கிறார், அந்தக் கையிலேயே இருமுகிறார், மறுபடியும் கத்தரிக்காய்.

"ஐயா, கொஞ்சம் மூக்குக்கு மேல ஏத்தி விடுங்க. வீட்ல அம்மாவுக்கு வயசாச்சு" என்றேன்.

"துருக்கி போய் வந்த அமைச்சருக்கு 1,000 வெள்ளி அபராதம், நமக்குன்னா 10,000. முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லும்மா" என்றார்.

உடம்பெல்லாம் எரிந்தது. அவர் செய்தது தப்பு. சொன்னது பொய்யில்லை.

போன வருடம் ஜூலையில் துருக்கியிலிருந்து திரும்பிய அமைச்சர் கைருடின் ரசாலி தனிமைப்படுத்திக்கொள்ளாமல் நாடாளுமன்றம் வரைக்கும் போய் வந்தார். விஷயம் ஆகஸ்டில் வெளியே வந்தது. 1,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதத்தோடு முடிந்தது, நீதிமன்றப் படி ஏறவில்லை. அதே ஆகஸ்டில், வீட்டுத் தனிமையை மீறிய ஓர் உணவகக்காரருக்கு 5 மாதம் சிறை. செப்டம்பரில் சபா தேர்தல். பிரச்சாரத்துக்குப் போனவர்கள் திரும்பினார்கள், கிருமியும் நாடு முழுக்கப் பரவியது. இந்த வருடம் பிப்ரவரியில் என்ன செய்தார்கள்? வெளிநாடு போய் வரும் அமைச்சர்களுக்கு 3 நாள் தனிமை போதும், மற்றவர்களுக்கு 10 நாள். அடுத்த மாதமே அபராதத்தை 10,000 வரைக்கும் ஏற்றினார்கள். நகராட்சிப் பகுதியிலேயே குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளிதான். எட்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே! இந்த ஊரில் யாரால் கட்ட முடியும்?

நாங்கள் அடங்காமலா இருந்தோம்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த அன்றிலிருந்து அடங்கித்தான் கிடந்தோம். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம் என்றார்கள், 10 கிலோமீட்டர் தாண்டக் கூடாது என்றார்கள். சரி என்றோம். அந்த ஏப்ரலில் பெரியப்பா இறந்தார். நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டமே திரண்டு வந்து தூக்கியிருக்க வேண்டிய உடம்பு. விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். மகன் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டான். நான்தான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவன் அழுதது நடுவிலே நடுவிலே விட்டு விட்டுக் கேட்டது.

எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் இப்போது தலையணை உறையை விளக்குமாற்றில் கட்டி வெளியே நட்டிருக்கிறார்கள். வெள்ளைக் கொடி. அரிசி இல்லை என்று அர்த்தம். அந்த அக்கா சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், கடை மூடி வேலை போய்விட்டது. நாங்கள் நாலு வீடு சேர்ந்து அரிசி கொடுத்தோம். மேலே இருப்பவர்களில் சிலர் இந்தக் கொடியையே குறை சொல்கிறார்கள். பசிக்கிறது என்று சொல்வதுகூடக் குற்றமா?

ஆனால் ஐயா, உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் இருமல் அமைச்சர்கள் இருக்கிற புத்ராஜெயாவுக்கா போகிறது? அந்தக் கத்தரிக்காயை நிறுக்கிற கல்லாப் பெண்ணுக்குத்தான் போகிறது. பத்தொன்பது, இருபது வயதிருக்கும். காலையிலிருந்து ராத்திரி வரை எல்லார் மூச்சையும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் பேசி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைத்தாளே, பார்த்தீர்களா? அமைச்சர் மேல் இருக்கும் கோபத்துக்கு அவளா பலி? என் அம்மாவா? அம்மாவுக்கு இன்னும் இரண்டாவது ஊசி போடவில்லை.

அமைச்சர்களைக் கேளுங்கள், ஓட்டுப் போடும்போது நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். நாளை மறுநாள் அந்தக் கடைக்கு மறுபடி வருவேன். மூக்கை மூடிக்கொண்டு வாருங்கள்.