மழைக்கு இல்லை, தண்ணீருக்குள் என்ன கிடக்கிறதோ என்றுதான் பயம்

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் சென்னையில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களில் பாதி மாடிப்படிக்கு அடியில் போய்விடும். நனையச் சோம்பல்படுகிறார்கள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். பெற்றோரின் பயம் வேறு, அதில் முழு நியாயம் இருக்கிறது.

மழைநீர் வடிவதற்காகத்தான் ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். வடிகால் வாயை மண்ணும் பிளாஸ்டிக் கவரும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் தேங்குவது அந்த ஓரத்தில். சைக்கிளுக்கு நாம் விட்டுவைத்திருக்கும் இடமே அதுதான். பள்ளம், பெயர்ந்த மூடி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒதுங்கி நடுவே வந்தால் பின்னால் பஸ். காருக்கு அப்போதும் பாதி ரோடு மிச்சமிருக்கும், சைக்கிளுக்கு ரோடே இருக்காது. போதாததற்கு இருட்டு: ஜூன் கடைசியில் 6.35-க்கு மேல் மறையும் சூரியன் நவம்பர் நடுவில் 5.40-க்கே மறைந்துவிடும். ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வரும் பிளஸ் ஒன் பிள்ளைக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்காவது கட்டாயம் வேண்டும்.

பயப்பட வேண்டிய பிரேக்குக்கு யாரும் பயப்படுவதில்லை. சாதா சைக்கிளில் ரிம் இரும்பு. நனைந்துவிட்டால் முதல் சில சுற்றுக்கு ரப்பர் வழுக்கிக்கொண்டே போகும். அதனால் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே லேசாக அழுத்தி, ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு இறுக்கிப் பிடிக்க வேண்டும். ரப்பரில் வரிகள் தேய்ந்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டினால் கையில் மிஞ்சுவது ஒரே பிரேக். முதல் மழையின் முதல் அரை மணி நேரம் எண்ணெயும் தூசியும் கலந்து ரோடு சோப்பு மாதிரி இருக்கும். வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடியின் மேலும் ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள். சக்கர அச்சு மூழ்கும் ஆழமென்றால் இறங்கித் திரும்பிவிடுவதே சரி. ஹப்பில் கிரீஸ் போவது சின்ன விஷயம், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

பின்லாந்தின் ஊலு நகரத்தில் பனி உறைந்த ஜனவரியிலும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அவர்களுக்குத் துணிச்சல் கூடுதல் என்பதில்லை. தனிப் பாதை, பெரிய ரோட்டைக் கடக்கச் சுரங்கவழி, தெருவிளக்கு, பனி அள்ளும் வண்டி என்று பயத்தின் காரணத்தையே அங்கே எடுத்துவிட்டார்கள்.

இங்கே அக்டோபருக்கு முன்பே பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வடிகால் வாய்களைத் தூர்வாரி, உடைந்த மூடிகளை மாற்றச் சொல்லி வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள். தெருப் பெயர், எதிரே உள்ள கதவு எண், ஒரு போட்டோ மூன்றும் இருக்கட்டும். 'எங்கள் பகுதி' என்று மட்டும் எழுதினால் தூர்வார வருகிறவருக்கு எந்த வாய் என்று தெரியாது.