கொத்தனார் கூலியில் பேரம் வேண்டாம்

எங்கள் பக்கத்தில் தை பிறந்ததும் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தார் ஒரு ஃபிளெக்ஸ் வைப்பார்கள். கொத்தனாருக்கு இவ்வளவு, கம்பி வேலைக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு, வேலை நேரம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று எல்லாம் அதில் இருக்கும். இந்த முறை கொத்தனார் கூலி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் போர்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஒரே நக்கல். "லேப்டாப்பை வித்துட்டு கரண்டி வாங்கப் போறேன்" என்றார் ஒருவர். "இவங்க என்ன டிகிரியா படிச்சிருக்காங்க?" என்றார் இன்னொருவர். "வடக்கன் பாதி ரேட்டுக்கு வர்றான், அவனைக் கூப்பிடுங்க" என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். அதற்குக் கைதட்டியவர்களில் சிலர் என்னிடம் வீட்டுக்கு எஸ்டிமேட் கேட்டிருப்பவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கும் சிவில் இன்ஜினியர். கூலி கொடுக்கிறவன், வாங்குகிறவன் இல்லை. கூலி ஏறினால் முதல் அடி என் லாபத்துக்குத்தான். இருந்தும் அந்த போர்டு இருக்க வேண்டும், அதில் உள்ள தொகைக்குக் கீழே யாரும் ஆள் எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

"நாளுக்கு ஆயிரம்னா மாசம் முப்பதாயிரம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு வருடம் சைட்டில் நின்று பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் வேலை கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதிதாக பூமி பூஜை போடுவதில்லை. ஓனருக்கு வங்கிக் கடனின் அடுத்த தவணை வரவில்லை என்றால் வேலை நிற்கும். 2025 ஏப்ரலில் குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லியும் எம்சாண்டும் வராமல் எத்தனையோ சைட்டுகளில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, நானும்தான். பி.எஃப். கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, கரணையும் ரசமட்டமும் சொந்தக் காசில். ஐம்பது வயதுக்கு மேல் சாரம் ஏற முதுகு ஒத்துழைக்காது. இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த ஆயிரம்.

அடுத்து டிகிரி. சுவரைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக எழுப்பினால் உள்பூச்சு 12 மில்லிமீட்டரில் முடியும். கை தெரியாத ஆள் எழுப்பிய சுவர் ஒரு பக்கம் வயிறு தள்ளி நிற்கும். அதை மறைக்க 30 மில்லி வரை கலவை அப்ப வேண்டி வரும். கூலியில் மிச்சம் பிடித்த காசைவிட அதிகமாக அங்கே சிமெண்டும் மணலும் போய்விடும். கான்கிரீட் சுலபமாக இறங்கட்டும் என்று கலவையில் கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறவனைத் தடுக்க, அது ஏன் தப்பு என்று தெரிந்த மேஸ்திரி அங்கே நிற்க வேண்டும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக்கை வைக்காமல் கம்பியைப் பலகையோடு ஒட்டிக் கட்டிவிட்டால், சில வருடங்களில் கம்பி துருப்பிடித்து சீலிங் பெயர்ந்து விழும். அப்போது கட்டியவன் எங்கே இருப்பான் என்று யாருக்கும் தெரியாது.

தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போக முதலில் 'ஸ்கில் அடிக்க' வேண்டும். பணம் கட்டி, பயிற்சி எடுத்து, தேர்வில் தேற வேண்டும். உயர் திறன் உள்ள தொழிலாளி என்று பதிவானால் அவருக்காக முதலாளி அங்கே அரசுக்குக் கட்டும் வரி குறைகிறது. அந்தச் சலுகை முதலாளிக்குப் போகிறதே தவிர தொழிலாளியின் சட்டைப்பைக்கு அப்படியே வருவதில்லை, அது வேறு சண்டை. ஆனால் இது தேர்வு வைத்துப் பார்க்க வேண்டிய திறமை என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, வடக்கிலிருந்து வருகிறவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வருகிறவர் பாதி ரேட்டுக்கு வருவது அவர் குற்றமா? ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி மத்தியப் பிரதேசத்தில் 279 ரூபாய். தமிழ்நாட்டில் சுமார் 500, கேரளாவில் சுமார் 852. நாட்டின் சராசரியே 393தான். அங்கே 279 வாங்கியவருக்கு இங்கே கிடைக்கும் எதுவும் கூடுதல்தான். அதைத் தெரிந்துகொண்டு, உள்ளூர்க்காரனுக்குக் கொடுப்பதில் பாதியைக் கொடுத்து, சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே தகரக் கொட்டகையில் படுக்க வைக்கிறோமே, கோபம் அங்கே வர வேண்டாமா? ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதேதான் வெளிமாநிலத்தவருக்கும் என்று 1979-இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. கடைப்பிடித்திருந்தால் "பாதி ரேட்" என்ற பேச்சே வந்திருக்காது. உள்ளூர்க் கொத்தனாருக்கும் வேலை போயிருக்காது.

அமெரிக்காவில் இதே தகராறுதான் 1931-இல் சட்டமானது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்றை எடுத்த அலபாமா கான்ட்ராக்டர், குறைந்த கூலிக்குத் தெற்கிலிருந்தே ஆட்களைக் கூட்டி வந்தார். அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ராபர்ட் பேக்கன் கொண்டுபோன மசோதா பின்னால் டேவிஸ்-பேக்கன் சட்டம் ஆனது. மத்திய அரசுப் பணம் போகும் கட்டுமானத்தில் அந்த வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது சாரம். அதை ஆதரித்தவர்களில் சிலருக்குக் கறுப்பினத் தொழிலாளி வருவதே பிடிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வாடை அடிக்கிறது. ஆள் வருவதைத் தடுக்காதீர்கள், கூலி இறங்குவதைத் தடுங்கள் என்றுதான் நான் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் எழுத்தில் இல்லாமல் இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் நியாயமான கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், துணை ஒப்பந்தக்காரர் வைத்திருக்கும் ஆட்களுக்கும் அது பொருந்தும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் வேலை போவது குறைந்த விலைப்புள்ளிக்காரருக்கு. "எஸ்டிமேட்டுக்குப் பதினைந்து பர்சண்ட் லெஸ் போட்டு எடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்லும் கான்ட்ராக்டரைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பதினைந்தை எங்கே பிடிப்பார் என்று. கம்பிக்காரன் லெஸ் தரமாட்டான். சிமெண்ட் கம்பெனி தராது. ஜி.எஸ்.டி. குறையாது. கான்ட்ராக்டருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, அவருக்குக் கீழே கூலியாள் என்று இறங்கும்போது, யாரிடம் பேரம் பேச வலு இல்லையோ அவர் தலையில் வந்து விழும்.

1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுக்காக மைதானமும் மேம்பாலமும் கட்டிய தொழிலாளர்களுக்கு இதுதான் நடந்தது. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமாதார் அதில் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதியின் அமர்வு சொன்னது. துப்பாக்கி காட்டித்தான் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதில்லை, பசியும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர். இத்தனைக்கும் அது அடிமட்டக் கூலியைப் பற்றிய வழக்கு. தேர்ந்த கொத்தனாருக்குச் சந்தையில் ஓடும் கூலி பல இடங்களில் சட்டத்தின் குறைந்தபட்சத்தைவிட அதிகம் என்பதால், அவர் கூலியை வெட்டினால் சட்டம் கண்டுகொள்வதில்லை. அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு சங்கத்தாரின் அந்த ஃபிளெக்ஸ்தான்.

"கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இருக்கே" என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, நல்லதுதான். அதற்காகக் கட்டுகிறவரிடம் கட்டட மதிப்பில் 1 சதவீதம் வாங்குகிறார்கள். ஆனால் நாடு முழுவதும் 37,400 கோடிக்கு மேல் வசூலித்துவிட்டு சுமார் 9,500 கோடிதான் செலவாகியிருக்கிறது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற உதவித்தொகை சனிக்கிழமைக் கூலிக்கு ஈடாகாது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆறு மாதம் கரணை பிடித்தவனும் இருபது வருடம் பிடித்தவனும் ஒரே ரேட் கேட்கிறார்கள் என்பது உண்மை. அரசு விலை விகிதப் பட்டியலில் முதல் தரக் கொத்தனார், இரண்டாம் தரக் கொத்தனார் என்று பிரித்திருப்பதுபோல சங்கத்தாரும் பிரிக்க வேண்டும்.

அப்படிப் பிரிக்கும்போது சித்தாளையும் கொஞ்சம் பாருங்கள். கல் எடுத்துக் கொடுத்து, கலவை பதம் பார்த்து, கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு வரிசை அவரே வைத்துவிடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் கழித்தும் அவர் சித்தாள்தான், கூலி கொத்தனாருக்குப் பாதியை ஒட்டித்தான். கூடவே பாண்டு சுமந்த பையன் நாலைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெயரையே வேறாக வைத்துவிட்டால் 'ஒரே வேலை' என்று எப்படி நிரூபிப்பார்? தொழிலாளர் பக்கம் பேசும் பலரும் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள், சங்கத்துப் பெரியவர்கள் உட்பட.

அரசு வேலை நடக்கும் இடங்களில் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர் பெயர் எல்லாம் எழுதிய பலகை வைக்கிறார்கள். அதே பலகையில் இந்த மதிப்பீட்டில் கொத்தனாருக்கு, கம்பி கட்டுபவருக்கு, சித்தாளுக்கு நாள்கூலி எவ்வளவு போட்டிருக்கிறது என்று மூன்று வரி, தமிழிலும் இந்தியிலும் சேர்த்தால் போதும். பெயிண்ட் செலவு மட்டும்தான். சட்டம் திருத்த வேண்டியதில்லை.

என்னிடம் எஸ்டிமேட் கேட்டிருக்கும் நண்பர்களுக்கு: இனி கூலியைத் தனி வரியாக எழுதித் தருகிறேன், போர்டில் உள்ள ரேட்படி. உள்ளூர்க்காரர் வந்தாலும் ஒடிசாக்காரர் வந்தாலும் அதேதான். டைல்ஸ் விலை, கதவு மரம், என்னுடைய சர்வீஸ் சார்ஜ் இவற்றில் பேசிக் குறைக்கலாம். அந்த ஒரு வரியில் மட்டும் கேட்காதீர்கள்.