ரப்பரில் ஒரு விரிசல், மூன்று பக்க எஸ்டிமேட்

சர்வீஸ் சென்டர் தந்த மூன்று பக்க எஸ்டிமேட் ஒன்று நான்கு நாட்களாக என் மேசை மேல் கையெழுத்து இல்லாமல் கிடக்கிறது. எட்டு வயதான என் சொகுசுக் காரின் முன்பக்க இடது மூலை ஒரு காலையில் தரையோடு அமுங்கிக் கிடந்ததற்கு அந்த மூன்று பக்கங்களும் சொல்லும் வைத்தியம் இதுதான்: முன்பக்க ஏர் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் (காற்றுப்பையோடு சேர்ந்து காரைத் தாங்கும் தூண்) இரண்டு, பைகளுக்குக் காற்றேற்றும் கம்ப்ரஸர் ஒன்று, அந்தக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக் ஒன்று, அவற்றைப் பொருத்தக் கூலி, பொருத்திய பின் காரின் உயரத்தைக் கணினியில் சரிசெய்யத் தனிக் கூலி, வீல் அலைன்மென்ட்டுக்கு இன்னொரு கூலி. கூட்டுத்தொகை, இந்தக் காரை இன்று விற்றால் கிடைக்கக்கூடிய பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உண்மையில் பழுதானது எது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள்: ஒரு காற்றுப்பையின் ரப்பர் மடிப்பில் விரிசல்.

ரப்பர் விரிசல் விட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை. காருக்கும் சக்கரத்துக்கும் நடுவே எஃகுச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பை உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அது தன் மேலேயே மடிந்து விரிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மடிப்பில்தான் வெடிப்பு விழும். இது பொருளின் இயல்பு. என் கோபம் அதற்கு ஆறு வாரங்களுக்கு முந்தைய ஒரு நாளைப் பற்றியது. வண்டியைக் கிளப்பியவுடன் சில விநாடிகளில் அடங்கிவிட வேண்டிய கம்ப்ரஸரின் இரைச்சல் வெகுநேரம் நீடிக்கிறது என்று அன்றே அதே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன். ஸ்கேனரைச் செருகினார்கள், பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள், பரிசோதனைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பையிலிருந்து காற்று கசிந்தால் அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், ஓயாமல் ஓடினால் சூடேறிக் கருகும் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த செய்தி. சோப்பு நீரைக் குழைத்து அந்த ரப்பர் மேல் தடவியிருந்தால் குமிழி காட்டிக் கொடுத்திருக்கும். அன்று யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அன்று ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, இன்று கருகிப்போன கம்ப்ரஸரையும் சேர்த்துக்கொண்டு என் தலையில் விடிந்திருக்கிறது. அதற்கும் நானே பணம் கட்ட வேண்டுமாம்.

இந்தக் கார்களின் உலகத்தில் பழுதுபார்ப்பது என்ற வேலையே ஒழிக்கப்பட்டுவிட்டது. கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டுவது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சென்ற ஆண்டு ஹெட்லைட்டுக்குள் நீராவி படிந்து, பகல் விளக்குப் பட்டை அணைந்துபோனது. உள்ளே இருக்கும் எல்இடி அட்டையோ அதை இயக்கும் சிறு மின்பெட்டியோதான் கெட்டிருக்கும் என்பது தெளிவாகத் தெரிந்தும், கண்ணாடியும் கூடும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கின்றன, உள்பாகங்கள் தனியாக விற்பனைக்கு இல்லை என்று சொல்லி முழு விளக்கையே வாங்க வைத்தார்கள். வாங்கிய விளக்கும் காரின் கணினியில் கோடிங் செய்யப்படும் வரை சரியாக எரியாது. ஒரு முழு விளக்கைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, நான் அதைச் சரிசெய்துகொண்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

கியர்பாக்ஸ் எண்ணெய் விவகாரம் இதைவிட மோசமானது, ஏனென்றால் அங்கே பணத்தோடு பொய்யும் கலந்திருக்கிறது. இந்த ஆயில் ஆயுள் முழுவதற்கும் போதும், மாற்றவே தேவையில்லை என்று பல கார் நிறுவனங்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஆனால் பல சொகுசுக் கார்களில் இருக்கும் 8 வேகத் தானியங்கி கியர்பாக்ஸைத் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவன் மாற்று என்கிறான், அதை வாங்கித் தன் காரில் பொருத்தியவன் வேண்டாம் என்கிறான். யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் இவர்கள்? வாரண்டியின் ஆயுளைத்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதற்குப் பிறகு கியர்பாக்ஸ் உதறத் தொடங்கினால் நட்டம் வைத்திருப்பவனுடையது. விழித்துக்கொண்டு நாமே ஆயிலை மாற்றச் சொன்னாலும், பல மாதிரிகளில் அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வார்க்கப்பட்டிருப்பதால், ஒரு ஃபில்டருக்காக அந்தத் தட்டு முழுவதையும் வாங்கியாக வேண்டும்.

பேட்டரியைக்கூட விட்டுவைக்கவில்லை. பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் வேலை முடிந்தது என்றிருந்த ஒன்றில், இப்போது பல கார்களில் புதிய பேட்டரி வந்திருப்பதைக் கணினிக்கு முறைப்படி பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றிய கணக்கிலேயே மின்னேற்றம் தொடர்ந்து புதியதும் சீக்கிரம் பாழாகும். சில நிமிடங்களில் முடியும் அந்தப் பதிவுக்கு பில்லில் ஒரு தனி வரி. டயர்களில் முன்னே ஓர் அகலம், பின்னே ஓர் அகலம் என்பதால் முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் வழி கிடையாது.

இதையெல்லாம் சொன்னால், அவ்வளவு பெரிய காரை வாங்கத் தெரிந்தவருக்குச் செலவு செய்ய வலிக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கொதிக்க வைக்கிறது. கனமான வண்டிக்குப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும், அது தேயும், அதற்கு விலை உண்டு. நுட்பமான எஞ்சினுக்குக் குறிப்பிட்ட தரத்தில் ஆயில் வேண்டும். இவற்றுக்கு நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, ஒரு சர்வீஸையும் தள்ளிப்போட்டதில்லை. நான் மலிவான வேலையைக் கேட்கவில்லை. கெட்ட பாகத்துக்கு மட்டும் பணம் வாங்குங்கள் என்று கேட்கிறேன். போதாக்குறைக்கு, நான் இந்தக் காரைப் புதிதாக வாங்கியவனும் அல்லன், இரண்டாவது உரிமையாளன். காரின் விலை ஆண்டுதோறும் சரிந்துகொண்டே வந்ததால்தான் என் கைக்கு எட்டியது. அதன் உதிரிபாகத்தின் விலையோ அது ஷோரூமில் நின்ற நாளின் உயரத்திலிருந்து ஓர் அங்குலமும் இறங்கவில்லை. நன்றாக ஓடக்கூடிய எத்தனையோ கார்கள் ஒரே ஒரு எஸ்டிமேட்டால் உடைப்புக் கடைக்குப் போவது இப்படித்தான்.

இருபது ஆண்டுகளாக இந்த வகைக் கார்களிலேயே கைவைத்து வரும் ஒரு மெக்கானிக்கிடம் பிறகு பேசினேன். ஸ்ட்ரட்டை எறிய வேண்டியதில்லை, ரப்பர்ப் பையை மட்டும் புதிதாக மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், மற்றப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அவருக்கு வேலை தெரியும். மாட்டிய பின் காரின் உயரத்தைப் பதிவு செய்ய மட்டும் நிறுவனத்தின் மென்பொருளும் அனுமதியும் வேண்டும், அங்கேதான் அவருடைய கை கட்டப்படுகிறது. கைத்திறன் உள்ளவரைத் திறவுகோல் இல்லாதவராக்கி வெளியே நிறுத்திவிட்டு, திறவுகோலை வைத்திருப்பவர் குனிந்து பார்க்காமலேயே மூன்று பக்கம் அச்சிடும் ஏற்பாடு இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லும், மறுபடியும் 2020-லும் வாக்களித்து, காரைப் பழுதுபார்க்கத் தேவையான தகவல்கள் உரிமையாளருக்கும் அவர் தேர்ந்தெடுக்கும் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது சும்மா இல்லை. தன் பணத்தில் வாங்கிய பொருளைத் தனக்குப் பிடித்தவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ள ஒருவர் வாக்குச்சாவடி வரை போக வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நேற்று சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். கசியும் பையை என் கண்முன் சோப்பு நீர் தடவிக் காட்டுங்கள். வலது பக்க ஸ்ட்ரட்டிலும் வால்வு பிளாக்கிலும் என்ன குறை கண்டீர்கள் என்று தனித்தனியாக எழுதித் தாருங்கள். ஆறு வாரங்களுக்கு முன் என் புகாரைப் பதிவு செய்த தாளின் நகலையும், அன்று வாங்கிய பரிசோதனைக் கட்டணத்துக்கு நீங்கள் உண்மையில் பரிசோதித்தது என்ன என்ற விளக்கத்தையும் அனுப்புங்கள். அந்தப் பதில் வரும்வரை இந்த மூன்று பக்கங்களில் எதிலும் கையெழுத்திட மாட்டேன். கார் அங்கேயே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கட்டும்.