ஆமாம், எனக்கு ஸ்டொகோவ்ஸ்கியின் பாக் பிடிக்கும்

நேற்று ராத்திரி ஒரு நண்பரோடு போனில் ஒரு மணி நேரம் சண்டை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ஆர்கனுக்காக (தேவாலயங்களில் இருக்கும் பெரிய குழாய் வாத்தியம்) எழுதியதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதி வாசித்த பதிவுகளை நான் தேடித் தேடிக் கேட்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் சினிமாத்தனம், மூலம் இருக்கும்போது இது எதற்கு" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் போனில் கோர்வையாக வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பல வருடங்கள் எனக்கு பாக்கின் ஆர்கன் இசை பிடித்திருந்தது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று காதுக்குப் பிடிபட்டதே இல்லை. முக்கியமாக ஃபியூக். ஒரு மெட்டு தனியாகத் தொடங்கும், அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே மெட்டை வேறு சுருதியில் எடுத்துக்கொள்ளும், முதல் குரல் ஒதுங்கிப் போகாமல் பக்கத்திலேயே வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும், அப்புறம் மூன்றாவது, நான்காவது. ஏட்டில் படிக்கும்போது புரிகிறது. கேட்கும்போது மூன்றாவது குரல் நுழைந்த உடனே எனக்கு எல்லாம் ஒரே ஒலிச்சுவராகிவிடும். காரணம் எளிது. ஆர்கனில் ஸ்டாப் என்கிற குமிழ்களை இழுத்துத்தான் எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஒரு ஃபியூகை ஒரே கீபோர்டில் வாசித்தால் கைகள் வாசிக்கும் குரல்கள் அத்தனைக்கும் ஒரே நிறம். ஒரே மாதிரிச் சட்டை போட்ட மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் எதைச் சொன்னார் என்று எப்படித் தெரியும்?

அப்போதுதான் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி மாற்றி எழுதிய ஜி மைனர் ஃபியூக் கையில் கிடைத்தது, "சின்ன ஃபியூக்" என்று செல்லமாகச் சொல்வார்களே, பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புகளின் பட்டியல் எண்) 578, நாலு நிமிடச் சமாச்சாரம். ஓபோ என்கிற ஊதுகுழல் தனியாக ஆரம்பிக்கிறது. அப்புறம் மெட்டு ஒவ்வொரு வாத்தியமாகப் படி இறங்கிக் கீழே போகிறது. நான் சும்மா அந்தக் குரல்களைப் பின்தொடர்ந்து போனேன், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கக் கேட்டுவிட்டு மறுபடி ஆர்கன் பதிவைப் போட்டால், ஆச்சரியம், அதே சுவருக்குள் நாலு பேர் தனித்தனியாக நடமாடுவது கேட்கிறது! நடுக்குரல் நுழையும் இடத்துக்குக் காது தானாகவே முன்கூட்டிப் போய் நிற்கிறது. ஆர்கனை எனக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்தது ஆர்கெஸ்ட்ரா. நண்பரே, இதுதான் நேற்று சொல்ல வராத விஷயம்.

ஸ்டொகோவ்ஸ்கி ஏதோ வெளியாள், பாக்குக்கு வண்ணம் பூசிக் காசு பார்த்தவர் என்ற மாதிரிப் பேசுகிறார்கள். அவர் அடிப்படையில் ஆர்கன் வாசிப்பவர். லண்டனில் 1882இல் பிறந்து, பிக்கடில்லி செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் வாசித்து, 1905இல் நியூயார்க் செயின்ட் பார்த்தலோமியூவுக்கு ஆர்கனிஸ்டாகப் போனவர். பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவை ஏற்றதெல்லாம் 1912இல்தான். அவர் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய விதமே ஒரு பெரிய ஆர்கனில் குமிழ்களை இழுத்துத் தள்ளுகிற விதம் என்று எனக்குத் தோன்றும். இன்னொன்று, ஆர்கனின் ஸ்டாப் பெயர்களைப் பாருங்கள்: ட்ரம்பெட், போசௌனே (ட்ராம்போன்தான்), ஃபகாட், கம்பா, ஃப்ளூட். அதைச் செய்தவர்களே ஆர்கெஸ்ட்ரா கனவில்தான் இருந்திருக்கிறார்கள். குழாய் ட்ரம்பெட்டை நிஜ ட்ரம்பெட்டிடம் கொடுத்தால் குற்றமா?

மூலம் மூலம் என்கிறோமே, அந்த மூலத்தை வீட்டில் உட்கார்ந்து நாம் கேட்கிறோமா என்பதே சந்தேகம். ஹாம்பர்க் யாக்கோபி தேவாலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் 1693இல் முடித்த ஆர்கன் இருக்கிறது. 60 ஸ்டாப்புகள், நாலு கீபோர்டு, காலால் வாசிக்கிற பெடல் வேறு, சுமார் 4,000 குழாய்கள். 1720இல் பாக் இந்தத் தேவாலய வேலைக்கு முயன்று பார்த்தார். அங்கே பெடலில் 32 அடிக் குழாய் வரிசை உண்டு. அதன் ஆகக் கீழான சுரம் வினாடிக்கு 16 அதிர்வுகள் அளவில்தான் இருக்கும், காதால் கேட்பதைவிட நெஞ்சால் உணர்கிற ரகம். என் மேசை ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. தேவாலயத்தின் கல்சுவரும் உயரக் கூரையும் சேர்ந்ததுதான் அந்த வாத்தியம், அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து இயர்போனில் திணிக்க முடியாது. எழுபது எண்பது பேர் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா இந்த விஷயத்தில் எவ்வளவோ பரவாயில்லை. பாக்கின் பேரில் உள்ள டி மைனர் டொக்காட்டா என்ற ஆர்கன் துண்டை ஸ்டொகோவ்ஸ்கி மாற்றி எழுதி வாசித்த பதிவு 1927இல் வந்தது, மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்யும் முறை வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. பாக் வாழ்ந்த லைப்சிக் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட அந்த மெட்டை அறிந்தது இப்படிப்பட்ட இசைத்தட்டுகள் மூலமும், அப்புறம் 1940இல் வந்த டிஸ்னியின் ஃபான்டேசியா படம் மூலமும்தான்.

சரி, மாற்றி எழுதுவதே பாவம் என்றால் முதல் பாவி பாக்தான். வைமரில் இருந்தபோது இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் வயலின் கான்செர்ட்டோக்களைப் (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பவை) பிரித்துப்போட்டு ஆர்கனுக்கு எழுதிக்கொண்டார், அதாவது ஸ்டொகோவ்ஸ்கி போன பாதையில் எதிர்த்திசையில். ஷூப்ளர் தொகுப்பின் ஆறு ஆர்கன் துண்டுகளில் ஐந்து அவருடைய சொந்த கான்டாட்டாக்களிலிருந்து (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த தேவாலயப் படைப்புகள்) எடுத்தவை. 1731இல் எழுதிய 29ஆம் கான்டாட்டாவில், வயலினுக்கு மட்டுமே எழுதிய பார்ட்டிட்டா என்கிற தொகுப்பின் முகப்பை எடுத்து, வயலின் பங்கை ஆர்கனுக்குக் கொடுத்து, பக்கத்தில் ட்ரம்பெட்டும் டிம்பனியும் வைத்தார். ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக! (இந்த முகப்பு நம்மில் பலருக்கு முன்பே அறிமுகம். இளையராஜா 1986இல் வெளியிட்ட ஹௌ டு நேம் இட் தொகுப்பில், பாக்கை வீட்டில் சந்தித்ததாகப் பெயர் வைத்த துண்டில் வருவது இதுதான். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் ஸ்டொகோவ்ஸ்கியைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.)

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது சி மைனர் பாசகாலியா, பி.டபிள்யூ.வி. 582. எட்டு பார் (தாள அளவு) நீளத்தில் ஒரு மெட்டு, முதலில் காலால் மட்டும், பெடலில் தனியாக வரும். அதன்மேல் இருபது மாறுபாடுகள். மெட்டு மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும், அதன்மேல் கட்டடம் எழும்பிக்கொண்டே போகும், நடுவில் மெட்டு கீழ்த்தளத்தை விட்டு மேலே ஏறிக்கூட வரும், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அதே மெட்டின் முதல் பாதியை எடுத்து ஒரு ஃபியூக் வேறு தொடங்குவார். ஸ்டொகோவ்ஸ்கியிடம் இது ஆழத்துத் தந்திகளில் ரகசியம் பேசுவது மாதிரித் தொடங்குகிறது. பாக்கின் காலத்து ஜெர்மன் ஆர்கனில் இப்படிச் சிறுகச் சிறுகப் பெருகவே முடியாது. விசையை அழுத்தினால் காற்று போகும், விட்டால் நிற்கும், மெல்ல அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் அதே ஒலி. ஆகவே இந்தப் பெருக்கம் மூலத்தில் இல்லாத ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாறுபாட்டுக்கு மாறுபாடு சுரங்கள் நெருங்கி வருவதை பாக்தான் எழுதி வைத்திருக்கிறார், அந்தப் பதற்றம் அவருடையது. ஃபியூகின் கடைசியில் ஓரிடத்தில் எதிர்பாராத டி ஃபிளாட் சுரக்கூட்டு (கார்டு) ஒன்றில் வந்து எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஆர்கனில் அந்த நிசப்தத்தைத் தேவாலயத்தின் எதிரொலி நிரப்பிவிடும். ஆர்கெஸ்ட்ராவில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது தெரியும். எத்தனையாவது தடவை கேட்டாலும் அந்த இடத்தில் என் கை செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது.

இதே பாசகாலியாவை நடத்துநர் டொஸ்கனினிக்காக இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகி 1930இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதும் இருக்கிறது. பித்தளை அதிகம், எனக்குக் கொஞ்சம் கனமாகப்படுகிறது.

ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் விஷயம் வேறு மாதிரி. அவரும் வூஸ்டரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்தான். 1920இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸும் அவரும் சந்தித்தபோது பாக்கை எப்படி மாற்றி எழுதுவது என்று பேச்சு வந்து, பாக்கின் சி மைனர் ஃபான்டேசியாவை ஸ்ட்ராஸ் அடக்கமாக எழுதுவது, அதோடு வரும் ஃபியூகை எல்கர் தன் பாணியில் எழுதுவது என்று முடிவானது. எல்கர் தன் பங்கை 1921இல் முடித்துவிட்டார். ஸ்ட்ராஸ் எழுதவே இல்லை, பார்த்துப் பார்த்து அடுத்த வருடம் எல்கரே அதையும் எழுதிவிட்டார். நம் காலத்து வசதிகள் கிடைத்திருந்தால் பாக் தன்னை எவ்வளவு பிரமாதமாக ஒலிக்க வைத்திருப்பார் என்று காட்டத்தான் இதைச் செய்தேன் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். காட்டிவிட்டார்! ஹார்ப் சரசரவென்று ஏறுகிறது, தம்பூரின் குலுங்குகிறது, சிம்பல் மோதுகிறது. எனக்குச் சிரிப்பு வரும், சந்தோஷச் சிரிப்பு.

நேர் எதிர்முனையில் வியன்னா இசையமைப்பாளர் ஷோன்பெர்க். பாக்கின் ஈ ஃபிளாட் முகப்பையும் ஃபியூகையும் மாற்றி எழுதியது 1928இல். அவர் அழகுக்காகச் செய்யவில்லை. உள்ளே ஓடுகிற ஒவ்வொரு இழையும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அவர் வாதம், ஆகவே என் ஃபியூக் பிரச்சினைக்கு அவர்தான் சரியான வைத்தியராக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் வாத்தியத்தை மாற்றிக்கொண்டே போகும்போது எனக்கு இழை அறுந்துவிடுகிறது. தெளிவுக்காகச் செய்ததில் நான் தொலைந்துபோவது என் குறையாகவும் இருக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை முயன்று பார்க்கிறேன்.

நண்பரின் பாதி நியாயத்துக்கு வருகிறேன். ஆர்கன் ஒலிக்குச் சோர்வு கிடையாது. ஒரு சுரத்தைப் பிடித்தால் எவ்வளவு நேரமானாலும் அது அப்படியே, அசையாமல், முகபாவமே இல்லாமல் நிற்கும். அந்த முகபாவமற்ற தன்மையில்தான் ஒரு பயபக்தி இருக்கிறது. வயலின் கூட்டம் அதே சுரத்தை எடுத்ததும் உருக ஆரம்பித்துவிடுகிறது. டி மைனர் டொக்காட்டாவில் ஸ்டொகோவ்ஸ்கி இந்த உருக்கத்தைக் கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறார், அதனால்தான் அவருடையதில் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் துண்டு எனக்கு ஆகக் குறைவாகப் பிடித்தது. (பாக் கைப்பட எழுதிய பிரதியே இல்லாத, அவர் எழுதியதுதானா என்று இசை ஆய்வாளர் பீட்டர் வில்லியம்ஸ் 1981இல் கேள்வி கிளப்பிய துண்டு அது. மூலம் மூலம் என்கிறவர்கள் இங்கே யாருடைய மூலத்தைக் காப்பாற்றுகிறார்கள்?)

இந்தச் சண்டையே பழசு என்பதற்கு ஆங்கில நடத்துநர் ஹென்றி வுட் கதை போதும். அவர் பாக்கை மாற்றி எழுதினாலே விமர்சகர்கள் கடிந்துகொண்டார்கள். மனிதர் 1929இல் அதே டொக்காட்டாவை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதி, பால் கிளெனோவ்ஸ்கி என்ற ரஷ்யர் எழுதியது என்று லண்டனில் வாசித்துவிட்டார். பாராட்டு குவிந்தது. சில வருடம் கழித்து, கிளெனோவ்ஸ்கி நான்தான் என்றார்.

பாக் என்றாலே தடை சொல்கிறவர்களுக்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறேன். லூபெக்கில் இருந்த ஆர்கனிஸ்ட் பூக்ஸ்டெஹூட, 1705இல் இருபது வயது பாக் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து நடந்தே போய்க் கேட்ட மனிதர். அவருடைய ஈ மைனர் சக்கோனை (பாசகாலியா மாதிரியே திரும்பத் திரும்ப வரும் மெட்டின்மேல் கட்டியது) மெக்சிகோவின் கார்லோஸ் சாவேஸ் 1937இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். சினிமாத்தனம் துளியும் இல்லை, நெடுநெடுவென்று நிமிர்ந்து நிற்கிறது. பெயரைச் சொல்லாமல் இதன் லிங்க்கை மட்டும் நண்பருக்கு அனுப்பி, "என்ன வாத்தியம், யார் எழுதியது, சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்து ரெண்டு மணி நேரம் ஆகிறது.